பம்புக்காரன்

மண்ணைத் தொட எனக்கு அனுமதியில்லை.
கரண்டி பிடிப்பவர்கள் வேறு.
நான் ஜார்லத், பம்புக்காரன்.
டீசல் ஊற்றுவேன், குழாயில் சிக்கிய இலையை எடுப்பேன்,
இரவெல்லாம் விழித்திருந்து
ஏரியை ஏரிக்கே திருப்பி அனுப்புவேன்.

புறவழிச்சாலை வருகிறதாம்.
அதற்குமுன் பதினோரு வாரம் கொடுத்திருக்கிறார்கள்
இந்தத் தீவுக்கு.
தீவு என்றா சொன்னேன்? எங்களுக்கு அது மேடு.
கோடையில் எங்கள் மாடுகள் ஈக்குத் தப்பி
முழங்கால் தண்ணீரில் நடந்து அதன்மேல் ஏறி நிற்கும்.
நாணல் மண்டிய மேடு, அவ்வளவுதான்.
யாரோ கட்டியது என்று யார் கண்டது?

டெர்வ்லா காட்டினாள்:
அடியில் சுள்ளி, சுள்ளிமேல் கல், கல்மேல் சதுப்பு மண்,
சுற்றிலும் ஓக் முளைகள்.
முளை என்றால் கன்று கட்டும் முளையல்ல,
என் இடுப்புப் பருமன்.
செதுக்கிய வாய்ச்சியின் அலகில் ஒரு பொத்தல் இருந்திருக்கிறது.
ஒவ்வொரு வெட்டிலும் மெல்லிய வரப்பு ஒன்று ஓடுகிறது.
நாற்பத்தொரு முளைகளில் அந்த வரப்பு.
நாற்பத்திரண்டில் இல்லை.
தீட்டிக்கொண்டானா? செத்தானா?
"வேறு கருவி" என்று அவள் எழுதிக்கொண்டாள்.
நான் அவனுக்கு மேனாக் என்று பெயர் வைத்தேன்.
இரவுக் காவலுக்கு ஒரு துணை வேண்டாமா.

வீடு வட்டம். பின்னல் சுவர். நடுவில் அடுப்பு.
தரைக்குக் கீழே தரை,
அதற்கும் கீழே தரை,
பதினேழு எண்ணினாள்.
கட்டிய நாளிலிருந்தே அமிழ்ந்துகொண்டிருந்திருக்கிறது.
கால் நனைந்தால்
கரைக்குப் போய்ப் பெரணி அறுத்துவந்து விரிப்பார்கள்.
மறுபடி நனையும்வரை அது வீடு.

எனக்குச் சிரிப்பு வந்தது.
என் சமையலறையில் மூன்று லினோலியம், ஒன்றின்மேல் ஒன்று.
அடியில் இருப்பது பச்சைக் கட்டம்,
அட்ராக்டா இருந்தபோது அவள் பிடித்துப் போட்டது.

ஒன்பதாவது தரையைத் திறந்தபோது
கத்திக் கூப்பிட்டாள், ஓடி வா ஓடி வா என்று.
பெரணி பச்சையாக இருந்தது.
சத்தியமாக, நேற்று அறுத்த பச்சை.
அதில் ஒரு வண்டின் சிறகோடு, நீலமாக.
ஆயிரத்து முந்நூறு வருடம் காற்றுப் படாத நிறம்.
பார்க்கப் பார்க்க ஓரத்தில் பழுப்பு ஏறி
என் தேநீர் ஆறுவதற்குள்
கறுத்துவிட்டது.
படம் எடுக்கவில்லை. மழைக்குப் பயந்து
கேமரா வண்டிக்குள் இருந்தது.

பிறகு வந்ததெல்லாம் பைக்குள், எண்ணோடு:
கொட்டை ஓடு ஒரு வாளி. பன்றித் தாடை.
எலும்புச் சீப்பு, பல்லிடுக்கில்
ஈர் இன்னும் ஒட்டியபடி.
தோல் செருப்பு ஒன்று, என் உள்ளங்கையைவிடச் சிறியது,
குதிகால் ஒரு பக்கமாய்த் தேய்ந்தது.

வாசல் பக்கம் ஓர் இரும்பு வளையம்,
ஐந்து கண்ணி சங்கிலியோடு.
நாய்க்கா என்றேன்.
டெர்வ்லா உடனே பதில் சொல்லவில்லை.
இவர்கள் பேச்சில்
அடிமைப் பெண்ணுக்கு ஒரு சொல் உண்டு, என்றாள்.
அதே சொல்தான் விலைக்கும் அளவு.
ஒரு பெண், மூன்று கறவைப் பசு.
நிலம் வாங்கினாலும் அந்தக் கணக்குத்தான்.

சங்கிலி மாட்டியிருந்த முளையை
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வரப்பு ஓடியது.
அன்றிரவு மேனாக்கோடு நான் பேசவில்லை.
பெரணி அறுத்தது யார் என்று
அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை, நாலரை மணிக்கு
நிறுத்தச் சொன்னார்கள்.
நிறுத்தினேன். காது வெகுநேரம் இரைந்தது.
தண்ணீர் அவசரப்படவில்லை.
தெற்கு மூலையில் கசிந்து,
அடுப்புக் குழியை நிரப்பிவிட்டு,
வாசல் பக்கம் போனது.
ஒரு நீர்க்கோழி வந்து எட்டிப் பார்த்தது.
டெர்வ்லா பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
கூலிச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்,
கதவோரம் மண்டியிட்டு
மூன்று லினோலியத்தையும் சேர்த்துக் கொஞ்சம் தூக்கினேன்.
ஈர வாடை.
பச்சைக் கட்டம் அப்படியே இருந்தது.
சட்டென்று மூடிவிட்டேன்.